பஸ்ஸா, பைக்கா: கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை அன்றாடப் பயணத்தின் வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரயில் உண்டு. மாவட்டத் தலைநகரில் இல்லை. சேலம்–விருத்தாசலம் பாதை சின்னசேலத்தைத் தொட்டுப் போகிறது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் உளுந்தூர்பேட்டைப் பக்கமாகச் செல்கிறது. விழுப்புரம்–காட்பாடி பாதை திருக்கோவிலூர் வழியாக ஓடுகிறது. மூன்றும் மாவட்டத்தின் ஓரங்களிலேயே போய்விட, நடுவிலுள்ள கள்ளக்குறிச்சிக்கும் அதற்கு மேற்கிலும் வடமேற்கிலும் எழும் கல்வராயன் மலைக்கும் மிஞ்சியது சாலை மட்டுமே. வேலைக்கோ படிப்புக்கோ அலுவலகத்துக்கோ தினமும் தொலைவு போய்வர வேண்டியவர், ஒன்று பஸ்ஸை நம்ப வேண்டும், இல்லையென்றால் சொந்த வண்டியைக் கிளப்ப வேண்டும். பெருநகரங்களில் இந்தத் தேர்வைப் பணமும் நெரிசலும் முடிவு செய்கின்றன. இங்கே பெரும்பாலும் அதை முடிவு செய்து வந்திருப்பது கடைசி பஸ் புறப்படும் நேரம்.

மோட்டார் வருவதற்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடி. கலெக்டர் இருந்த கடலூர் 100 கிலோமீட்டருக்கு அப்பால். மாட்டு வண்டி ஒரு நாளில் 25, 30 கிலோமீட்டர் கடந்தால் அதிகம். கடலூர் போய்ச் சேர நாலு நாள், திரும்ப நாலு நாள். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியே உளுந்தூர்பேட்டைக்கு இறங்கும் சாலைதான் இப்பகுதியின் முதுகெலும்பு. கர்நாடகப் போர்களில் தியாகதுருகம் கோட்டைக்குப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதிக்கொண்டதில் இந்த வழிக்கும் பங்குண்டு. வண்டி வைத்திருந்தவர் மிராசுதாரரும் வியாபாரியும்தான். மற்றவர்கள் நடந்தார்கள்.

மலையில் வண்டிக்கே வழியில்லை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று பகுத்துச் சொல்லப்படும் இந்த மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. இங்கே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர் குடும்பங்களின் ஆளுகையில் மலை இருந்தது. வரி வாங்கியவர்கள் அவர்களே. சாலை போடும் கடமை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கடுக்காய், புளி, தேன், தினை, சாமை எல்லாம் தலைச்சுமையாக அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கின. திரும்பும்போது உப்பும் துணியும் அதே தலையில் ஏறின. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி வெள்ளைக்கார அதிகாரிகளும் மேலே தங்கத் தயங்கினார்கள். அதிகாரி ஏறாத மலைக்குச் சாலை போடும் அவசரம் யாருக்கும் வரவில்லை.

ரயில் வந்தபோதும் கள்ளக்குறிச்சி தப்பிப் போயிற்று. 1930-களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே சேலத்தையும் விருத்தாசலத்தையும் மீட்டர் கேஜ் பாதையால் இணைத்தது. சின்னசேலத்துக்கு நிலையம் கிடைத்தது. 16 கிலோமீட்டர் தள்ளியிருந்த கள்ளக்குறிச்சிக்குக் கிடைக்கவில்லை. அதே காலத்தில், 1931 மே மாதம், சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. புறநகரில் குடியிருந்து நகரத்தில் வேலை பார்க்கும் ஒரு வர்க்கத்தை அந்த ரயில்தான் உண்டாக்கியது. குறித்த நேரத்தில் பல தடவை வரும் வண்டி ஒன்று இருந்தால், அதைச் சுற்றி மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்வார்கள். சின்னசேலத்துக்கு வந்த ரயில் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒரு நாளில் ஒருசில வண்டிகள் மட்டும் வந்துபோகும் பாதை ஊரை வெளியூரோடு சேர்க்கலாம். தினமும் வேலைக்குப் போய்வர உதவாது. 2007-இல் அகலப்பாதையான பிறகும் இந்த வழியின் சிறப்பு எழும்பூர்–சேலம் இரவு விரைவு ரயில்தான். அது சென்னைப் பயணிக்கானது, தினப் பயணிக்கானதல்ல.

தினப் பயணத்தை உண்டாக்கியது தனியார் பஸ். 1920-களிலும் 30-களிலும் சென்னை மாகாணமெங்கும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த முதலாளிகள் ஊருக்கு ஊர் பஸ் விட்டார்கள். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். கட்டணம் ஆளைப் பார்த்து, போட்டிக்கு வந்த வண்டியைப் பார்த்து மாறும். சாலைகளில் உள்ளாட்சிகள் சுங்கச் சாவடி வைத்து ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி வசூலித்து வந்தன. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சாவடிகளை எடுத்துவிட்டு, ஒரே வரியாகப் பெற்று உள்ளாட்சிகளுக்குப் பங்கு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. (இதே சேலம் சாலைக்கு எண்பது ஆண்டு கழித்துச் சாவடிகள் திரும்பி வந்தன. அது பின்னால்.) 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட், வழித்தடம், நேரம் மூன்றையும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. பஸ்ஸுக்கு ‘டைம்’ என்ற ஒன்று சட்டப்படி உண்டானது அப்போதுதான். அதன் பிறகே, மாலை பஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிந்தது.

அந்த நம்பிக்கையைப் போர் உடனே சோதித்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்கள் கரி வாயுவுக்கு மாறின. வண்டியின் பின்புறம் ஆளுயர உருளை அடுப்பு ஒன்று பொருத்தியிருக்கும். அதில் மரக்கரியைக் கொட்டி மூட்டி, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி வாயு கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகும் இழுவை போதாது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். இறங்கும் இடத்திலெல்லாம் கரித்தூள் முகத்தில் படியும். சமவெளிச் சாலைக்கே இந்தப் பாடு என்றால், மலையேற்றத்தை அந்த வண்டிகளிடம் எதிர்பார்த்திருக்க முடியாது.

அடுத்த பெரிய மாற்றம் 1970-களில் வந்தது. 1967-இல் அமைந்த தி.மு.க. அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கும் வேலையை விரைவுபடுத்தியது. 1971-இல் இயற்றப்பட்ட சட்டம் பெரிய கம்பெனிகளைக் குறிவைத்தது. சிறிய முதலாளிகள் தப்பினார்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவிலூர்த் தடங்களில் தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் இன்றும் அடுத்தடுத்த நிமிடத்தில் கிளம்பி ஒன்றையொன்று துரத்துவதற்கு வேர் அங்கே இருக்கிறது. மாவட்டங்களுக்கு ஒன்றாகப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்த அந்த வரிசையில், 1975 ஜனவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுக்கப்பட்டபோது, அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது நெடுநாள் ‘பெரியார் பஸ்’ஸாகவே ஓடியது.

கழகம் பிறந்த மறு ஆண்டு, 1976-இல், கல்வராயன் மலை ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து! பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டங்களும் அக்காலத்திலேயே இங்கு வந்தன. மலைக்குள் அரசுச் சாலையும் அரசு பஸ்ஸும் பெரிதும் இதற்குப் பிந்திய கதைதான். கச்சிராயபாளையத்திலிருந்து பரிகம் தாண்டி வளைந்து வளைந்து கரியாலூருக்கும், அங்கிருந்து வெள்ளிமலைக்கும் ஏறும் வழி மலையின் தலைவாசலானது. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை 40 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சமவெளியில் முக்கால் மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு மலையில் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. சேராப்பட்டுப் பக்கத்து ஊர்களுக்குச் சங்கராபுரம் வழி. மலையின் மேற்குப் பகுதியான கருமந்துறை சேலம் மாவட்டத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்தார் ஆத்தூருக்கும் வாழப்பாடிக்கும் இறங்குவார்கள். ஒரே மலையின் மக்கள் இரண்டு மாவட்டத்து டெப்போக்களை நம்பியிருக்கிறார்கள். இரண்டு டெப்போவின் கால அட்டவணையும் மலை உச்சியில் ஒன்றோடொன்று பொருந்தும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மலைத் தடங்களின் உயிர் ‘நைட் ஹால்ட்’ பஸ். சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து கடைசி டிரிப்பாக ஏறும் வண்டி மேலேயே இரவு தங்கி, விடியற்காலையில் முதல் டிரிப்பாக இறங்கும். ஏறும்போது அதில் கடைச் சாமான், உர மூட்டை, விடுதிக்குப் போகும் பிள்ளைகள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் கிழவி எல்லாரும் இருப்பார்கள். ஓட்டுநரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுத்துக்கொள்வார்கள். இருள் பிரியும் முன்பே இன்ஜின் சத்தம் கேட்டு ஊர் எழுந்துகொள்ளும். பலாப்பழமும் புளி மூட்டையும் லக்கேஜ் டிக்கெட்டில் வண்டியேறும். மனுவைச் சுருட்டிப் பையில் வைத்தவர்கள் ஜன்னலோரம் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து வண்டி மேலே வராமல் போனால் மறுநாள் காலைப் பயணம் முழுக்கப் போய்விடும். டெப்போ மொழியில் அது ‘டிரிப் கட்’. வருவாய் குறைந்த தடத்தில் ஆள் பற்றாக்குறையைச் சாக்காக வைத்து வெட்டப்படும் முதல் டிரிப்பும் பெரும்பாலும் இதுவே. சமவெளியில் ஒரு டிரிப் கட் ஆனால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். மலையில் அடுத்த பஸ் பிற்பகலில் வரும், அல்லது மறுநாள் வரும்.

சொந்த வண்டி சாதாரண மனிதருக்குக் கைக்கெட்டியது 1980-களில். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் ஓசூரில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டி தமிழ்நாட்டுக் கிராமங்களின் கழுதையும் வண்டியும் கூடையும் ஆனது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இந்தியர்களுக்குப் புதிதாகக் காட்டியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பிப் பணம் கண்ட விவசாயிகள், ஆசிரியர்கள், மின்வாரிய ஊழியர்கள் முதலில் வாங்கினார்கள். தவணை முறையும் பைனான்ஸ் கம்பெனிகளும் பெருகியபின் மற்றவர்களும் வாங்கினார்கள். இன்று மாநிலத்தில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருசக்கர வாகனங்கள்தான்.

சமவெளியில் பைக் ஒரு வசதி. மலையில் அது கடைசி பஸ்ஸுக்கு மாற்று. ஆஸ்பத்திரியில் உறவினரோடு இருக்க வேண்டியவர், தாலுகா ஆபீஸில் கையெழுத்துக்காகச் சாயங்காலம்வரை உட்கார வைக்கப்பட்டவர், கூலி வேலை முடிந்து சம்பளத்துக்காகக் காத்திருப்பவர் ஆகியோருக்குக் கடைசி பஸ் போய்விட்ட பிறகு உள்ள வழி, அடிவாரத்தில் படுத்துவிட்டுக் காலையில் ஏறுவது. அல்லது ஷேர் ஜீப்பிலோ சரக்கு வண்டியின் பின்தட்டிலோ நின்றபடி ஏறுவது. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டப்படி குற்றம். ஆனால் 2005-க்குப் பிறகு டாட்டா ஏஸ் வகைச் சிறு வண்டிகள் பெருகியதும் மலைத் திருமணங்களும் சந்தைகளும் துக்க வீடுகளும் அவற்றை நம்பியே நடந்தன. பைக் வைத்திருந்தவர் யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க் தொலைவில் இருந்தாலும் பெட்டிக்கடையில் பாட்டிலில் தொங்கும் பெட்ரோல் கைகொடுத்தது. அதன் விலை பங்க் விலையைவிடக் கூடுதல் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பஸ் போகாத ஊர்களைப் பஸ் தடத்தோடு இணைக்க 1997-இல் தமிழ்நாடு மினி பஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்றைய விதிப்படி ஒரு மினி பஸ் மொத்தம் 20 கிலோமீட்டர் ஓடலாம். அதில் 16 கிலோமீட்டர் அதுவரை பஸ் போகாத வழியாக இருக்க வேண்டியிருந்தது. பஸ் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் சுற்றுப்புறத்து வயல்வெளி ஊர்களுக்கு இது நன்றாக உதவியது. மலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பஸ் போகாத 16 கிலோமீட்டர் இருக்கும். அதில் வண்டி ஓடும் சாலை இருக்காது. சாலை இருந்தாலும் டிக்கெட் எடுக்க ஆள் போதாது. டீசல் செலவும் டயர் தேய்மானமும் சமவெளியைவிட அதிகம் என்பதால் தனியார் முதலாளி அங்கே பர்மிட் கேட்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

சாலை ஏன் இல்லை என்பதற்குக் காட்டிலும் பதில் இருக்கிறது. ஊர்களுக்கு நடுவே கிடப்பது பெரும்பாலும் காப்புக்காடு. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தில் தார்ச்சாலை போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் மலைப்பகுதிகளில் 250 பேர் இருக்கும் குடியிருப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. சமவெளிக்கு வரம்பு 500. ஆனால் கல்வராயனின் பல குக்கிராமங்கள் அந்த 250-ஐயும் எட்டாதவை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. ஊருக்கான சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் போதுமென்றால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் சாலை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டால், நான்கு மீட்டர் அகலத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து நடுமலை வரைகூட எட்டாது. பைக்குக்கோ தார்ச்சாலை வேண்டியதில்லை, ஒற்றையடிப் பாதை போதும். பஸ் போகாத இடத்துக்கெல்லாம் பைக் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழே சாலை வேறு திசையில் வளர்ந்தது. சேலம்–உளுந்தூர்பேட்டைத் தேசிய நெடுஞ்சாலை, பழைய எண் 68, இன்றைய எண் 79, சுமார் 136 கிலோமீட்டர். 2010-களின் தொடக்கத்தில் அது நான்கு வழிச்சாலையானது; கட்டணச் சாவடிகள் நின்றன. நான்கு வழி என்றாலும் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகள் பல முதலில் இரண்டு வழியாகவே விடப்பட்டன. வேகமாக வந்த வண்டி திடீரென ஒடுங்கும் அந்த இடங்களில் விபத்து தொடர்ந்தது. பிறகு அவற்றையும் அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. பஸ் பயணிக்குப் புறவழியால் கிடைத்தது நஷ்டமும் கலந்த லாபம். தொலைதூர பஸ் ஊருக்குள் நுழையாமல் புறவழியிலேயே பறந்துவிட்டால், நள்ளிரவில் பைபாஸில் இறக்கிவிடப்பட்டவர் ஊருக்குள் வர ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும். கார் வைத்திருப்பவருக்கோ ஆத்தூரும் உளுந்தூர்பேட்டையும் கூப்பிடு தூரமாயின.

மாவட்டங்கள் பிரிந்தது சாலையைவிடப் பெரிய மாறுதலை உண்டாக்கியது. 1993 வரை கள்ளக்குறிச்சிக்காரர் கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போனார். அந்த ஆண்டு தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. தூரம் 75 கிலோமீட்டரானது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது அது உள்ளூரிலேயே முடிந்தது. முன்பு வெள்ளிமலையிலிருந்து திங்கட்கிழமை மனுநாளுக்கு விழுப்புரம் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. காலை முதல் டிரிப்பில் இறங்கினாலும் மனு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மலை பஸ் போய்விடும் என்ற கவலை கூடவே வரும். இப்போது ஒரே பஸ், ஒரே பகல். கல்வராயன் மலை தனித் தாலுகாவாகி வெள்ளிமலையில் அலுவலகம் வந்ததும் பயணத்தின் திசையே ஓரளவு தலைகீழானது. மலைக்காரர் கீழே இறங்குவது குறைந்து, கீழிருப்பவர் மலையேறுவது கூடியது. வருவாய்த்துறை ஊழியர், ஆசிரியர், செவிலியர் பலர் கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் குடியிருந்துகொண்டு தினமும் மேலே போய்வருகிறார்கள். காலை ஏறும் பஸ் அலுவலக நேரத்துக்கோ பள்ளி மணிக்கோ பொருந்துவது அரிது. ஆகவே இரண்டு பேர் ஒரு பைக், நான்கு பேர் ஒரு கார் என்று பெட்ரோலைப் பங்கு போடுகிறார்கள். மலைப் பள்ளிகளில் ஆசிரியர் நேரத்துக்கு வருவதில்லை என்ற பெற்றோரின் புகாரில் பாதி, பஸ் கால அட்டவணை மீதான புகார்.

புதிய மாவட்டம் பிறந்த நாலே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்து பஸ்களை நிறுத்தியது. 2020 ஜூனில் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் மட்டும் பஸ் ஓட்டினார்கள். கள்ளக்குறிச்சி விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து மண்டலத்தில் சேர்ந்தது. சேலம் கோவைப் பக்கத்து மண்டலத்தில். சின்னசேலத்திலிருந்து ஆத்தூருக்கும் சேலத்துக்கும் தினமும் வேலைக்குப் போனவர்களுக்கு நடுவில் கோடு விழுந்தது. பஸ்ஸை மட்டுமே நம்பியிருந்தவரில் பலர் அந்த ஆண்டில் பழைய பைக் ஒன்றையாவது வாங்கினார்கள். பஸ் திரும்ப ஓடியபோது அவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை.

பணக் கணக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம். சாதாரண புறநகர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 28 காசாக இருந்த கட்டணம் 2011 நவம்பரில் 42 காசாயிற்று. 2018 ஜனவரியில் 60 காசென அறிவிக்கப்பட்டு, மாணவர்கள் தெருவில் இறங்கியதும் 58 காசாகக் குறைந்தது. விரைவு பஸ்ஸுக்கு 75 காசு. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் போய்வர 150 கிலோமீட்டர் என்று வைத்தால், சாதாரண பஸ்ஸில் 87 ரூபாய், விரைவு பஸ்ஸில் 112 ரூபாய் அளவில் முடியும். ஸ்டேஜ் கணக்கில் சிறிது கூடும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 300 ரூபாய். இரண்டு பேர் போனால் தலைக்கு 150. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் 1,000 ரூபாயோடு சாவடிக் கட்டணமும் சேரும். நாலு பேர் ஏறினாலும் தலைக்கு 250-ஐத் தாண்டும். டயர், ஆயில், இன்சூரன்ஸ், தவணை இவை எதையும் இதில் சேர்க்கவில்லை. பஸ் மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. மலிவாக இருந்தும் பைக் பெருகியது என்றால், பயணி விலை கொடுப்பது தூரத்துக்கு மட்டுமல்ல, காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

அரசும் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸும் கொடுத்தது, இலவச சைக்கிளும் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கி, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 ரூபாய் உச்சவரம்போடு, மானியமாகத் தந்தது. மூன்றாண்டு கழித்து, 2021 மே மாதம், பொறுப்பேற்ற புதிய அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தது. பின்னாளில் ‘விடியல் பயணம்’ என்று பெயர் பெற்ற இத்திட்டம், ஒரு குடும்பத்துக்குள்ளேயே பயணத்தை இரண்டாகப் பிரித்தது. கணவர் பைக்கில் போகிறார்; மனைவி வெள்ளை போர்டு மாட்டிய சாதாரண டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறார். கட்டணம் கேட்கும் தனியார் பஸ் முன்னால் வந்து நின்றாலும் பின்னால் வரும் இலவச பஸ்ஸுக்காகக் காத்திருப்பது கள்ளக்குறிச்சி நிறுத்தங்களில் அன்றாடக் காட்சி. தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு மாதத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் பெரிய தொகை. காத்திருக்கும் நேரத்துக்கு அவர் அப்படித்தான் விலை போடுகிறார். டவுன் பஸ் என்ற வகைக்குள் வராத தடத்தில் இந்தச் சலுகை இல்லை என்பதால், மலை ஊர்களில் பயன் சமவெளியளவு கிடைக்கவில்லை. 2024-25 பட்ஜெட் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு இதை விரிவாக்கியது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராய மரணங்களுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராயம் காய்ச்சுவதை நிறுத்து என்றால் மாற்று வேலைக்கு எங்கே, எதில் போவது என்ற கேள்வியோடு சாலையும் போக்குவரத்தும் விசாரணைக்குள் வந்தன. 2025 ஜூனில் திருத்திய மினி பஸ் திட்டம் நடைமுறைக்கு வந்து, தடத்தின் நீளம் 25 கிலோமீட்டராகக் கூடியது. இதற்கிடையில் சென்னைப் பயணமும் மாறியது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறக்கப்பட்டபின் கள்ளக்குறிச்சி பஸ்கள் கோயம்பேடு வரை போவதில்லை. தாம்பரத்தில் வேலை பார்ப்பவருக்கு அது லாபம். வடசென்னையில் வேலை பார்ப்பவர் விடியற்காலையில் இறங்கி மறுபடி மாநகர பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடிக்க வேண்டும்.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் ரயில் பாதை அமைக்க 2000-களில் அனுமதி கிடைத்தது. நிலம் எடுப்பதும் பாலம் கட்டுவதுமாக வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. அது முடிந்து ரயில் வந்தால் சேலம், சென்னைப் பயணிகளுக்குச் சின்னசேலம் ஓட்டம் மிச்சம். மலைக்காரருக்கு அப்போதும் ரயிலைப் பிடிக்கக் காலை முதல் டிரிப் வேண்டும்; ரயிலிலிருந்து இறங்கி வீடு போய்ச்சேர மாலைக் கடைசி டிரிப் வேண்டும்.